ரிப்போர்ட்டில் இரண்டுக்குமே ‘ஆர்’. சேர்த்துப் போட்டால் மட்டும் எப்படிக் கேட்கும்?

வாசகர் கேள்வி:

என் அப்பாவுக்கு 67 வயது. பல வருடமாகச் சர்க்கரை நோய். ப்ராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைத்துக்கொண்டு, ஒரு மாதமாக யூரின் டியூப் போட்டிருந்தார்கள். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து இப்போது ஐ.சி.யூ.வில் இருக்கிறார். ரத்தம், சிறுநீர் இரண்டிலும் ‘கிளெப்சியெல்லா நிமோனியே’ என்ற கிருமி வளர்ந்திருக்கிறது. மெரோபெனம் உட்பட எல்லா மருந்துக்கும் நேரே ‘ஆர்’, அதாவது கேட்காது. கோலிஸ்டினுக்கு மட்டும் ‘ஐ’, அதாவது இடைநிலை. கீழே ‘என்.டி.எம். பாசிட்டிவ்’ என்று எழுதியிருக்கிறது. டாக்டர்கள் செஃப்டாசிடிம்-அவிபாக்டம், அஸ்ட்ரியோனம் என்று இரண்டு ஊசி போடுகிறார்கள். ரிப்போர்ட்டில் இந்த இரண்டுக்கும்கூட ‘ஆர்’தான்! கேட்காத மருந்தையே சேர்த்துப் போட்டால் எப்படிக் கேட்கும்? விலை குறைந்த கோலிஸ்டினை ஏன் போடவில்லை? இதைவிடப் புதிய மருந்து வேறு இருக்கிறதா? வீட்டுக்கு வந்த பிறகு குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ரிப்போர்ட்டை வரிவரியாகப் படித்திருக்கிறீர்கள். உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மருந்துத் தேர்வு சரியானது. என்.டி.எம். நொதி உள்ள கிருமிக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படும் சிகிச்சைகளில் இந்த ஜோடியும் ஒன்று. தனித்தனியே தோற்கும் இரண்டு மருந்து சேர்ந்தால் ஜெயிப்பது எப்படி என்று புரிந்துகொண்டால், கடந்த பத்து வருடத்தில் வந்த புது ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பாலானவை புரிந்துவிடும்.

பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. அதை முடிச்சு முடிச்சாகப் போட்ட மீன்வலை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் அதிகம். முடிச்சுகள் விட்டுப்போனால் கிருமி வெடித்துவிடும். இந்த முடிச்சுகளைப் போடும் புரதங்கள்தான் பென்சிலின், செஃப்டாசிடிம், மெரோபெனம், அஸ்ட்ரியோனம் ஆகிய எல்லா மருந்துக்கும் இலக்கு. இந்த மருந்துகளின் நடுவில் ‘பீட்டா-லாக்டம்’ என்ற நான்கு அணு வளையம் இருக்கிறது. அது முடிச்சுப் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும்.

கிருமி இதற்குக் கண்டுபிடித்த பதில், அந்த வளையத்தையே உடைக்கும் நொதி: பீட்டா-லாக்டமேஸ். வளையம் உடைந்தால் மருந்து வெறும் தண்ணீர்தான். இப்படிப்பட்ட நொதிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனாலும் வேலை செய்யும் முறையில் இரண்டே கட்சி. ஒரு கட்சி, ‘செரின்’ என்ற அமினோ அமிலத்தை வைத்து வளையத்தை உடைக்கும். நம் ஊரில் மிகப் பரவலாக இருக்கும் சி.டி.எக்ஸ்.-எம்., அதோடு ஏ.எம்.பி.-சி., கே.பி.சி., ஆக்ஸா-48 எல்லாம் இந்தக் கட்சி. இன்னொரு கட்சி, துத்தநாக அயனியை வைத்து உடைக்கும். என்.டி.எம்., வி.ஐ.எம்., ஐ.எம்.பி. மூன்றும் அந்தப் பக்கம். இந்தப் பிரிவினைதான் உங்கள் கேள்விக்கான சாவி.

அவிபாக்டம் தானாகக் கிருமியைக் கொல்லும் மருந்து அல்ல. செரின் நொதிகளின் அந்த செரினிலேயே போய்ப் பிணைந்து, நொதியைச் செயலிழக்கச் செய்வதுதான் அதன் வேலை. கிளாவுலனிக் அமிலம் போன்ற பழைய நொதித் தடுப்பு மருந்துகளைப் பெரும்பாலான நொதிகள் கடைசியில் சிதைத்துவிடும். அவிபாக்டம் அப்படிச் சிதைவது அரிது. நொதியிலிருந்து கழன்றாலும் முழுதாகவே கழன்று, மறுபடி போய் ஒட்டிக்கொள்ளும். செஃப்டாசிடிமோடு இதைச் சேர்த்து 2015 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதித்தபோது, கே.பி.சி. கிருமிகளுக்கு முதன்முறையாக நம்பகமான மருந்து கிடைத்தது. ஆனால் என்.டி.எம்.மில் பிடிப்பதற்கு செரினே இல்லை. அதனால் அவிபாக்டம் பக்கத்தில் இருக்கும்போதே என்.டி.எம். செஃப்டாசிடிமை உடைத்துத் தள்ளிவிடும். ரிப்போர்ட்டில் முதல் ‘ஆர்’ வந்த காரணம் இது.

அஸ்ட்ரியோனம் பழைய மருந்து. அமெரிக்காவில் 1986-லேயே அனுமதிக்கப்பட்டது. அதன் வளையம் தனி வளையம், பக்கத்தில் இன்னொரு வளையம் ஒட்டியிருக்காது. இந்த வடிவத்தை என்.டி.எம். உடைக்க முடிவதில்லை. அப்படியானால் அஸ்ட்ரியோனம் மட்டுமே போதாதா? போதாது. என்.டி.எம். வைத்திருக்கும் கிருமி அனேகமாக அதோடு நிற்பதில்லை, சி.டி.எக்ஸ்.-எம். போன்ற செரின் நொதிகளையும் சேர்த்து வைத்திருக்கும். அவை அஸ்ட்ரியோனத்தை உடைத்துவிடும். இரண்டாவது ‘ஆர்’ இதனால்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அவிபாக்டம் செரின் நொதிகளைக் கட்டிப்போடுகிறது. என்.டி.எம்.மால் அஸ்ட்ரியோனத்தைத் தொட முடியாது. தடையில்லாமல் அஸ்ட்ரியோனம் முடிச்சுப் புரதத்தைப் போய்ப் பிடிக்கிறது. இங்கே கொல்லும் வேலை முழுக்க அஸ்ட்ரியோனத்தினுடையது, காவல் அவிபாக்டத்தினுடையது. செஃப்டாசிடிம் ஏறக்குறையச் சும்மா கூட வருகிறது. அவிபாக்டம் தனியாக விற்பனைக்கு வராததால்தான் அதையும் சேர்த்து ஏற்ற வேண்டியிருக்கிறது. அஸ்ட்ரியோனம்-அவிபாக்டம் இரண்டையும் ஒரே குப்பியில் வைத்த மருந்துக்கு ஐரோப்பாவில் 2024 ஏப்ரலிலும் அமெரிக்காவில் 2025 பிப்ரவரியிலும் அனுமதி கிடைத்தது. உங்கள் அப்பாவுக்கு இரண்டு குப்பியாக ஏறுவது அடிப்படையில் அதே மருந்துதான்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. இத்தாலி, கிரேக்க மருத்துவமனைகளில், ரத்தத்தில் இந்த வகைக் கிருமி கலந்த 102 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2021-இல் வெளியிட்டார்கள். இந்த ஜோடி மருந்து பெற்ற 52 பேரில் 10 பேரும், பெரும்பாலும் கோலிஸ்டின் சார்ந்த வேறு சிகிச்சை பெற்ற 50 பேரில் 22 பேரும் 30 நாளுக்குள் இறந்தார்கள். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல என்பதால் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பார்த்த பிறகு, கையில் இந்த மருந்து இருக்கும்போது கோலிஸ்டினில் ஆரம்பிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

லேபில் ஒரு விஷயம் கேளுங்கள். சாதாரண ரிப்போர்ட், ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாக வைத்துப் பார்த்த முடிவு. சேர்த்துப் பார்ப்பதற்குத் தனிச் சோதனை உண்டு. நான்கு குழாய்களில் வளர்ப்புத் திரவம் எடுத்து, ஒன்றில் அஸ்ட்ரியோனம் ஊறிய காகித வில்லை, ஒன்றில் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் வில்லை, ஒன்றில் இரண்டும், நான்காவதில் எதுவும் இல்லாமல் விட்டு, எல்லாவற்றிலும் கிருமியைப் போட்டு மறுநாள் பார்ப்பார்கள். இரண்டு வில்லையும் உள்ள குழாய் மட்டும் தெளிவாக இருந்து, மற்றவை கலங்கியிருந்தால் ஜோடி வேலை செய்கிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. லேபில் ஏற்கெனவே இருக்கும் வில்லைகளே போதும். ‘சினர்ஜி டெஸ்ட் செய்தீர்களா’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

இதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. ஜோடி தோற்கும் இடங்களும் உண்டு. இந்தியாவில் என்.டி.எம். உள்ள ஈ.கோலை கிருமிகளில் ஒரு பகுதி, மூன்றாம் எண் முடிச்சுப் புரதத்தில் நான்கு அமினோ அமிலங்களைக் கூடுதலாகச் செருகிக்கொண்டிருக்கிறது. அஸ்ட்ரியோனம் பிடிப்பது அந்தப் புரதத்தைத்தான். இலக்கே உருமாறிவிட்டால், எவ்வளவு காவல் போட்டாலும் மருந்து சரியாக ஒட்டாது. கிளெப்சியெல்லாவில் இந்தச் சிக்கல் குறைவு என்பது உங்களுக்குச் சாதகம். இருந்தாலும் சோதனையில் உறுதி செய்துகொள்வது நல்லது.

அடுத்தது, மருந்தை ஏற்றும் முறை. வார்டில் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். சிறுநீரகம் நன்றாக இருந்தால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் 2.5 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. அஸ்ட்ரியோனம் 2 கிராம், 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. இரண்டையும் 3 மணி நேரம் மெதுவாக, முடிந்தவரை ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும். காலை 6 மணிக்கு ஒன்று, 10 மணிக்கு இன்னொன்று என்று ஏற்றினால் ஜோடி ஜோடியாக இருக்காது. அவிபாக்டம் ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும்போது அஸ்ட்ரியோனமும் அங்கே இருந்தால்தான் காவலுக்கு அர்த்தம். ஒரே லைனில் ‘ஒய்’ இணைப்பு போட்டு இரண்டையும் சேர்த்து ஏற்றலாம். வேகமாக ஏற்றி முடிப்பதிலும் லாபமில்லை. இந்த மருந்துகள் கொல்வது உச்ச அளவால் அல்ல, தேவையான அளவுக்கு மேலே எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதால்தான். ஐ.சி.யூ. நர்ஸிடம் ‘இரண்டும் சேர்ந்து ஏறுகிறதா சிஸ்டர்’ என்று தன்மையாகக் கேளுங்கள்; அதில் தவறே இல்லை.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் அளவு மாறும். கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேகம், நிமிடத்துக்கு மில்லி கணக்கில்) 31 முதல் 50 வரை என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் 1.25 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. 16 முதல் 30 வரை என்றால் 0.94 கிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. இதில் ஒரு பொறி இருக்கிறது. கடும் தொற்றோடு வருபவர்களுக்கு முதல் நாள் கிரியாட்டினின் ஏறியிருக்கும். டிரிப்ஸ் போட்டு ரத்த அழுத்தம் சரியானதும் ஓரிரு நாளில் பலருக்கு இறங்கிவிடும். முதல் நாள் குறைத்த அளவை அப்படியே விட்டுவிட்டால் மருந்து போதாமல் போகும். ஆகவே கிரியாட்டினினைத் தினமும் பார்த்து, அளவையும் தினமும் சரிபார்க்க வேண்டும். மறுபக்கம், சிறுநீரகம் உண்மையிலேயே கெட்டிருக்கும்போது முழு அளவு கொடுத்தால் செஃப்டாசிடிம் தேங்கி மூளையைப் பாதிக்கும். அப்பா சம்பந்தமில்லாமல் பேசினாலோ, கை திடீர் திடீரென்று உதறினாலோ, ‘வயசு, காய்ச்சல்’ என்று விட்டுவிடாமல் உடனே சொல்லுங்கள். மருந்து காரணமாக இருக்கலாம்.

ஈரல் நொதிகள் இந்த ஜோடியில் உயர்வதுண்டு. பெரும்பாலும் மருந்தை நிறுத்தியதும் இறங்கிவிடும்; வாரத்துக்கு இருமுறையாவது ரத்தத்தில் பார்க்க வேண்டும். ஒவ்வாமை பற்றியும் சொல்லவேண்டும்: பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அஸ்ட்ரியோனம் பொதுவாகப் பாதுகாப்பானது. ஆனால் செஃப்டாசிடிமுக்கும் அஸ்ட்ரியோனத்துக்கும், வளையத்தோடு ஒட்டியிருக்கும் பக்கச் சங்கிலி ஒன்றே. ஒன்றுக்கு ஒவ்வாமை என்றால் மற்றொன்றுக்கும் வரலாம். முன்பு எப்போதாவது செஃப்டாசிடிம் போட்டுத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால், கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இனி கோலிஸ்டின். இது 1949-இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட மருந்து. கிருமியின் வெளிச்சவ்வில் இருக்கும் ‘லிப்பிட் ஏ’யில் ஒட்டிச் சவ்வையே கிழித்துவிடும். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஓரங்கட்டினார்கள். வேறு வழியில்லாமல் மறுபடி எடுத்தார்கள். அந்தக் கெடுதல் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. சர்க்கரை நோயுள்ள, ஏற்கெனவே சிறுநீர் அடைப்பால் சிறுநீரகம் அடிபட்டிருக்கக்கூடிய ஒருவருக்கு அது சின்ன விஷயம் அல்ல. குப்பி விலையில் மிச்சம் பிடித்த பணம் டயாலிசிஸில் போய்விடும்.

ரிப்போர்ட்டில் ‘ஐ’ வந்ததைப் பார்த்து ‘பாதி கேட்கும்’ என்று எண்ண வேண்டாம். அமெரிக்கத் தரநிலை அமைப்பு 2020-இலேயே கோலிஸ்டினுக்கு ‘எஸ்’ (கேட்கும்) என்ற பிரிவையே நீக்கிவிட்டது. எம்.ஐ.சி. (கிருமி வளராமல் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்தளவு) 2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ‘ஐ’, 4 முதல் ‘ஆர்’. அதாவது கோலிஸ்டினுக்கு உச்சபட்ச மதிப்பெண்ணே ‘ஐ’தான். ஆய்வகத்தில் கேட்டாலும் உடம்புக்குள் கேட்குமா என்று உறுதி சொல்ல முடியாததால் அப்படி மாற்றினார்கள். இன்னொரு சிக்கல், கோலிஸ்டினை வளர்ப்புத் தட்டில் வில்லை வைத்துச் சோதிக்கக் கூடாது. மூலக்கூறு பெரியது, தட்டில் சரியாகப் பரவாது. தானியங்கிக் கருவிகளும் எதிர்ப்பைத் தவறவிடுவதுண்டு. நுண்குழித் தட்டில் மருந்துத் திரவத்தை அடுத்தடுத்து நீர்த்துப் பார்க்கும் முறை நம்பகமானது.

கோலிஸ்டினுக்குப் பதில் பாலிமிக்சின் பி போடலாமே என்று யாராவது சொல்லக்கூடும். சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்பது உண்மை. ஆனால் அது சிறுநீரில் போதிய அளவு போய்ச் சேராது. உங்கள் அப்பாவின் தொற்று ஆரம்பித்த இடமே சிறுநீர்ப் பாதை என்பதால் அது பொருத்தமில்லை. டைகிசைக்ளின் என்ற மருந்துக்கும் இதே குறைதான்: சிறுநீரிலும் ரத்தத்திலும் அளவு மிகக் குறைவு. அமிகாசினுக்கு ‘ஆர்’ வந்திருப்பதிலும் ஆச்சரியமில்லை. என்.டி.எம். மரபணு இருக்கும் பிளாஸ்மிடிலேயே (கிருமிகள் ஒன்றுக்கொன்று கடத்திக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. வளையம்), புரதம் தயாரிக்கும் ரைபோசோமை மாற்றி அமிகாசின் வகையை முழுக்கத் தோற்கடிக்கும் மரபணுவும் அடிக்கடி சேர்ந்தே பயணம் செய்கிறது.

மெரோபெனமும் ‘இருக்கட்டும்’ என்று கூடவே ஓடிக்கொண்டிருந்தால், எதற்கு என்று கேளுங்கள். என்.டி.எம்.முக்கு முன்னால் அது செய்ய ஒன்றுமில்லை. பயத்தில் நான்கைந்து மருந்தை அடுக்குவதால் பலன் கூடுவதாகச் சான்று இல்லை. வயிற்றுப்போக்கும் சிறுநீரகச் சேதமும்தான் கூடும்.

புதிய மருந்துகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பெயர்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் ‘புதியது’ என்பதாலேயே உங்கள் அப்பாவின் கிருமிக்குக் கேட்டுவிடாது. மெரோபெனம்-வாபோர்பாக்டம் 2017-இலும் இமிபெனம்-ரெலபாக்டம் 2019-இலும் அமெரிக்க அனுமதி பெற்றன. இரண்டும் கே.பி.சி.க்கு அருமையானவை, என்.டி.எம்.முக்கு உதவாது. சென்னையில் ஆர்க்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம், செஃபெபிமோடு சேர்ந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நமக்குப் பெருமைதான். அதன் இடம் சி.டி.எக்ஸ்.-எம். போன்ற நொதிகள், அங்கே மெரோபெனத்தின் தேவையைக் குறைக்க உதவும். என்.டி.எம்.மை அது தடுக்காது. 2023 மே மாதம் அனுமதிக்கப்பட்ட சல்பாக்டம்-டர்லோபாக்டம், அசினெட்டோபாக்டர் என்ற வேறொரு ஐ.சி.யூ. கிருமிக்கானது.

என்.டி.எம்.மை நேரடியாகச் சமாளிக்கும் இன்னொரு மருந்து செஃபிடெரோகால். ஜப்பானின் ஷியோனோகி நிறுவனத்துடையது, 2019 நவம்பரில் அமெரிக்க அனுமதி. பாக்டீரியாவுக்கு இரும்பு தேவை. உடம்பிலிருந்து இரும்பைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ள அதற்குத் தனி வாசல்கள் உண்டு. செஃபிடெரோகால் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும், கிருமி தானே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன பிறகும் பெரும்பாலான நொதிகளுக்கு எளிதில் உடையாது. ஆனாலும் என்.டி.எம். உள்ள கிருமிகளில் இதன் எம்.ஐ.சி. மற்றவற்றைவிட உயர்ந்தே இருக்கிறது. சோதித்துப் பார்க்காமல் தொடங்குவது சரியல்ல. இதை உலகின் பல நாடுகளுக்குத் தயாரித்துக் கொடுக்க அதே ஆர்க்கிட் நிறுவனத்துக்கு உரிமம் கிடைத்திருக்கிறது.

நான் அதிகம் எதிர்பார்ப்பது செஃபெபிம்-சிடெபாக்டம். வோக்கார்ட் நிறுவனத்தின் மருந்து. இதன் யோசனை வேறு. சிடெபாக்டம் என்.டி.எம்.மைத் தடுக்க முயல்வதே இல்லை. செஃபெபிம் மூன்றாம் எண் முடிச்சுப் புரதத்தைப் பிடிக்கும்போது, சிடெபாக்டம் இரண்டாம் எண் புரதத்தைப் பிடிக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அடி விழுவதால், நொதி மிச்சம் விட்ட குறைந்த அளவு செஃபெபிமே கிருமியைக் கொல்லப் போதுமானதாகிவிடுகிறது.

என்.டி.எம். கிருமி உங்கள் அப்பாவுக்கு மட்டும் வந்த விபத்து அல்ல. டெல்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரிடம் கண்டறியப்பட்டு 2009-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. 2010-இல் வந்த பெரிய ஆய்வுக் கட்டுரையில் சென்னையிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் எடுத்த மாதிரிகள் இருந்தன. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. இன்றைக்கு இந்திய மருத்துவமனைகளில் மெரோபெனத்துக்குக் கேட்காத கிளெப்சியெல்லா என்றால், என்.டி.எம். அல்லது ஆக்ஸா-48 வகை, அல்லது இரண்டும் இருக்கும் என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். கே.பி.சி. இங்கே குறைவு. ஆகவே அமெரிக்க அனுபவத்தை அப்படியே எடுத்து, செஃப்டாசிடிம்-அவிபாக்டத்தைத் தனியாகப் போட்டுவிட்டுக் காத்திருப்பது நம் ஊரில் ஆபத்தான பழக்கம். எந்த நொதி என்று சொல்லும் துரித சோதனைகள் உண்டு. மரபணுச் சோதனை சுமார் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும். கர்ப்பப் பரிசோதனை அட்டை போலக் கோடு காட்டும் சோதனை அதைவிட வேகம். உங்கள் லேப் ‘என்.டி.எம். பாசிட்டிவ்’ என்று எழுதிக் கொடுத்ததே பெரிய உதவி.

மருந்து எவ்வளவு சரியாக இருந்தாலும், பழைய டியூப் உள்ளேயே இருந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். டியூபின் உள்சுவரில் கிருமிகள் பிசின் போன்ற படலம் கட்டி வாழும். அதற்குள் மருந்து சரியாக வேலை செய்யாது. இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்த டியூப் என்றால் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு புது டியூபின் வழியாக எடுத்த சிறுநீரைத்தான் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். பையில் தேங்கியதை எடுத்து அனுப்பினால் பையில் வளர்ந்ததெல்லாம் ரிப்போர்ட்டில் வரும்.

சரியான மருந்து ஆரம்பித்து 72 மணி நேரமாகியும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், மருந்தை மாற்றும் முன் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகத்தில் வாயுவோடு சீழ் பிடிப்பதுண்டு. ப்ராஸ்டேட்டில் சீழ்க்கட்டி வருவதும் உண்டு, அதற்குக் கிளெப்சியெல்லா ஒரு முக்கியக் காரணம். சீழை வெளியே எடுக்காமல் எந்த ஊசியாலும் ஆகாது. கல் அடைத்திருந்தாலும் அப்படித்தான்.

எத்தனை நாள் போட வேண்டும்? கிருமி எதிர்ப்பு மிகுந்தது என்பதற்காக நாளை நீட்ட வேண்டியதில்லை. கேட்கும் மருந்து போய்ச் சேர்ந்துவிட்டால் அதுவும் மற்றக் கிருமிகளைப் போலத்தான் சாகும். ரத்தத்தில் கிருமி கலந்த 3,608 நோயாளிகளை 7 நாள் சிகிச்சை, 14 நாள் சிகிச்சை என்று பிரித்து, 2024-இல் வெளியான ஆய்வில் 7 நாள் எந்த வகையிலும் குறைந்துவிடவில்லை. சீழோ, ப்ராஸ்டேட் தொற்றோ இல்லாமல், டியூபும் மாற்றி, காய்ச்சலும் இறங்கிவிட்டால் அந்தக் கணக்கு உங்களுக்கும் பொருந்தலாம். நாளை எண்ணத் தொடங்க வேண்டியது இந்த ஜோடி ஏறிய நாளிலிருந்து. கேட்காத மெரோபெனம் ஓடிய நாட்களைச் சேர்க்கக் கூடாது. ப்ராஸ்டேட்டில் தொற்று உறுதியானால் 2 முதல் 4 வாரம் வரை ஆகும்.

வீட்டுக்கு வந்த பிறகு பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ‘எதற்கும் ஒரு யூரின் கல்ச்சர் பார்த்துவிடலாம்’ என்று எடுப்பார்கள். டியூப் இருப்பவருக்கு அதில் ஏதாவது வளரத்தான் செய்யும். உடனே மறுபடி ஊசி. காய்ச்சல், நடுக்கம், விலாவில் வலி, புதிதாகக் குழப்பம் போன்ற எதுவும் இல்லாதவருக்குச் சிறுநீரில் கிருமி தெரிந்தால் அதற்கு மருந்து தேவையில்லை. சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை வருகிறது என்பவையும் மருந்துக்குக் காரணமல்ல. தேவையில்லாமல் போடும் ஒவ்வொரு கோர்ஸும் அடுத்த தொற்றுக்கு இந்த ஜோடியும் கேட்காமல் போக வழி செய்யும். சிறுநீரக மருத்துவரைப் பார்த்து, ப்ராஸ்டேட்டுக்கு மாத்திரையோ அறுவையோ செய்து டியூபையே எடுக்க முடியுமா, முடியாவிட்டால் நாளுக்குச் சில முறை மட்டும் குழாய் விட்டுச் சிறுநீரை எடுக்கும் முறைக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

குழந்தைகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இந்தக் கிருமி காற்றில் பரவுவது இல்லை. குணமான பிறகும் அப்பாவின் குடலில் பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் தங்கியிருக்கும். அது கைகள் வழியாகத்தான் பரவும். கழிப்பறை போய்வந்ததும், சிறுநீர்ப் பையைக் காலி செய்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். பையைத் தரையில் படாமல், இடுப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள். சிறுநீரைக் கழிப்பறையில்தான் ஊற்ற வேண்டும், பாத்திரம் கழுவும் இடத்தில் அல்ல. பேரக்குழந்தைகள் தாத்தா மடியில் உட்காரலாம், சேர்ந்து சாப்பிடலாம். தனித் தட்டு, தனி அறை எதுவும் தேவையில்லை. வீட்டில் யாராவது கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்தால் அவர் மட்டும் அந்தப் பையைக் கையாள வேண்டாம்.

கல்ச்சர் ரிப்போர்ட்டை ஒரு நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், செல்போனிலும் படம் பிடித்து வையுங்கள். அடுத்த ஒரு வருடத்தில் அப்பாவுக்கு எந்தக் காரணத்துக்காக எந்த மருத்துவமனைக்குப் போனாலும், பதிவு செய்யும்போதே ‘என்.டி.எம். கிளெப்சியெல்லா இருந்தது, இந்த மருந்து கேட்டது’ என்று அதைக் காட்டிவிடுங்கள். அவசரப் பிரிவில் முதல் ஊசி எது என்று முடிவு செய்பவருக்குக் கல்ச்சர் முடிவு கைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் சரியான மருந்தைத் தொடங்க அந்தக் காகிதம் ஒன்றே அவருக்கு வழிகாட்டும்.